அப்பாவைப் படுக்கச் சொல்லாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவுக்குப் பெருங்குடல் ஆபரேஷன் அடுத்த மாதம் என்று முடிவாகிவிட்டது. நீ போன் பண்ணும்போதெல்லாம், "நடமாடாதீங்கப்பா, படுத்துக்கோங்க" என்கிறாய். உன் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் அதை மட்டும் சொல்லாதே, கண்ணு.

கட்டியை எடுப்பது டாக்டர் வேலை. அதைத் தாங்க உடம்பைத் தேற்றுவது இந்த நாலு வாரத்தில் நம் வேலை. படுத்தே கிடந்தால் தசை வற்றிப்போகும். அப்புறம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே தெம்பு இருக்காது. அதனால் காலையும் மாலையும் லேசாக மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்கிறார். சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டார்.

அத்தை வந்து கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். கஞ்சி போதாது. உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். அப்பா 60 கிலோ. குறைந்தது 72 கிராம் ஆகிறது. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. மீன், சுண்டல், பருப்பு, தயிர் என்று வேளைக்கு வேளை பிரித்துக் கொடுக்கிறேன். குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ரத்தம் குறைந்திருந்தது. அதற்கு இரும்புச்சத்து ஊசி போடுகிறார்கள்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு பந்து எழும்புகிறது, மூன்றாவது துள்ளிவிட்டு விழுகிறது. பேத்தியை வீடியோவில் பார்த்தபடி செய்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறார்.

முன்பெல்லாம் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். டென்மார்க்கில் கெலெட் என்ற அறுவை மருத்துவர் 1990களில் இப்படிப்பட்ட பழைய வழக்கங்களையெல்லாம் கேள்வி கேட்டார். இப்போது பெரும்பாலானவர்களுக்கு மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் தரலாம். அப்பாவுக்கு எப்படி என்று மயக்க டாக்டரிடம் கேட்டுக்கொள்வேன். மறுநாளே நடக்கவும் வைப்பார்களாம்.

எனக்குள்ள ஒரே கவலை, அவர் வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வலிக்குப் பயந்து இருமாமல், ஆழமாக மூச்சு விடாமல் இருந்தால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். நர்ஸிடம் வலி மாத்திரை கேட்பது பலவீனம் இல்லை என்று நீ சொல்லு. நீ சொன்னால் கேட்பார்.

ஆபரேஷன் அன்று நானும் சித்தப்பாவும் இருப்போம். வீட்டுக்கு வந்தபின்தான் அவரை நடக்க வைக்க, சாப்பிட வைக்க ஆள் வேண்டும். லீவை அப்போதைக்கு வைத்துக்கொண்டு டிக்கெட் போடு.

அன்புடன்,
அம்மா