கமரனின் படங்களில் உள்ள மங்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொடக்ககால உருவப்படக் கலை பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் படங்கள் மங்கலாக இருப்பதற்கு அக்காலக் கருவிகளின் குறையும் அவருடைய பயிற்சியின்மையுமே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. இலண்டனின் புகைப்படச் சங்கத்தார் அவர் வாழ்ந்தபோதே சொன்ன குறைதான் இது. இன்றும் அதையே திருப்பிச் சொல்வது பொருந்தாது என்பது என் கருத்து.

1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கொண்டே அவர் இத்துறைக்கு வந்தார். அந்த முதற் கமராவின் லென்ஸ் குறையுடையது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1866இல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளை ஏற்கும் பெரிய கமராவையும் வேறு லென்ஸையும் பெற்ற பின்னரும், 1867இல் எடுத்த வானியலாளர் ஜோன் ஹெர்ஷல், எழுத்தாளர் தோமஸ் கார்லைல் ஆகியோரின் படங்களில் அதே மென்மையைக் காண்கிறோம். பார்வைக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே லென்ஸைத் திருகுவதை நிறுத்திவிட்டதாகவும், ஏனையோர் வற்புறுத்திய கூர்மைக்கு அதற்கு மேல் முயலவில்லை என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். தெளிவான படம் எடுப்பதோ அன்று அரிய வித்தையன்று. கைக்கடக்கமான அட்டைப் படங்களை எடுத்துத் தள்ளிய கடைகள் ஐரோப்பிய நகரங்களெங்கும் இருந்தன. தூணும் திரைச்சீலையும் பின்னணியாக, முழு உருவமும் தெரிய நிற்கும் அப்படங்களில் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம், ஆளைத்தான் காண முடியாது.

கட்டுரையாளர் தொடாத இன்னொன்றும் உண்டு. கொலோடியன் என்னும் பசைபோன்ற கரைசலைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் பயன்படுத்த வேண்டிய அந்தத் தகடு நீல ஒளியை நன்கு உணரும். சிவப்போ அதற்கு ஏறத்தாழ இருட்டுதான். ஆகவே வெயிலில் சிவந்த முதிய முகத்தின் சுருக்கங்கள் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருத்துப் பதிந்தன. இந்த இயல்பை அறிந்து, பின்னணியை இருளாக்கி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளியை விழவிட்டு, தலையைத் தகடு நிறையும்படி நெருங்கி எடுத்ததனாலேயே ஹெர்ஷலின் கலைந்த நரைமுடியும் குழிவிழுந்த கண்களும் கல்லிற் செதுக்கியவை போல நிற்கின்றன. நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியவர் சிறிது அசைந்தாலும் கமரன் அந்தத் தகட்டை வீசிவிடவில்லை. கார்லைலின் படத்தில் அந்த அசைவே வேகமாகியிருக்கிறது.

மலையகத்தில் வாழும் எனக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. கணவரின் கோப்பித் தோட்டங்களை நாடி 1875இல் இலங்கைக்கு வந்த கமரன், 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்தில் அவருடைய படங்களுக்காக அமர்ந்த பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர் நமக்குத் தெரியும். இங்கு அமர்ந்த தொழிலாளரும் கிராமத்தவரும் பெரும்பாலும் பெயரில்லாமலே இருக்கிறார்கள். கலைஞர் என்று அவரைப் போற்றும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சிடப்பட்ட அப்படங்களின் நிறம் செம்மை கலந்த கபிலம். தாங்கள் ஹெர்ஷலின் படத்தைச் சாம்பல் நிறமாக்கியதுடன் மேற்புறத்தையும் வெட்டி வெளியிட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் அதை முழுமையாகவும் உரிய நிறத்திலும், எடுக்கப்பட்ட ஆண்டைக் குறித்தும் மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.