இரண்டு ‘அர்மஸ்’: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளே,

‘ஏழை’ என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல் ‘அர்மஸ்’ எங்கிருந்து வந்தது என்று நீ எழுதி அனுப்பிய அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். ‘தோற்றம் தெளிவில்லை’ என்ற வரியை எடுத்துவிட்டு, அநாதையைக் குறிக்கும் வேரிலிருந்து அது வந்தது என்னும் அநாதைக் கொள்கையையே முடிவாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணே, அந்த வரி இருக்கட்டும்.

ஜெர்மன், டச்சு, கோத்திக் முதலிய மொழிகளின் தாயான தொல் ஜெர்மானியத்துக்கு, எழுத்துச் சான்று இல்லாததால் ஒப்பிட்டு மீட்டுருவாக்கி, அதைக் காட்ட உடுக்குறி (*) இட்டு எழுதும் *அர்மஸ் இரண்டு. ஒன்று கையைக் குறிப்பது. தோளைச் சொல்லும் லத்தீன் ‘அர்முஸ்’, சமஸ்கிருத ‘ஈர்ம’ என்று அதற்குச் சொந்தபந்தம் உண்டு. மற்றது ‘ஏழையான, இரங்கத்தக்க’ என்னும் பெயரடை. ஜெர்மனிலும் டச்சிலும் இன்றும் வாழ்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா, இன்று வழக்கொழிந்த கோத்திக் மொழியில் செய்த பைபிள் மொழிபெயர்ப்பில், எல்லா மனிதரிலும் பரிதாபத்துக்குரியவர்களைச் சொல்ல ‘அர்மொஸ்தை’ என்று வருகிறது. ஜெர்மானிய வீட்டுக்குள் இத்தனை சாட்சிகள் இருந்தும், வெளியே ஐயமற்ற உறவு ஒன்றுகூட இல்லை.

அநாதையைக் குறிக்கும் கிரேக்க ‘ஓர்ஃபனோஸ்’, மரபுரிமையைக் குறிக்கும் ஜெர்மன் ‘எர்பே’ இவற்றின் வேரோடு இதை இணைப்பது எனக்கும் பிடித்திருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளை வறியவனாவதற்கு விளக்கம் எதற்கு? ஆனால் அந்த வேரில் இருக்கும் ‘ப்’ போன்ற உதட்டொலி, *அர்மஸில் மகரத்துக்கு முன்னால் சுவடின்றி மறைந்தது என்று நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது. கிரேக்க ‘எரேமோஸ்’ வழியும் அப்படித்தான். பாழ்நிலம் என்ற பொருளிலிருந்து ஏழைக்கு வரப் பாலம் கட்ட வேண்டும்.

நீ அரைப் பக்கத்தில் முடித்துவிட்ட ஃபின்னிஷ் பகுதியை விரித்து எழுது. உறுதியான சான்று அங்கேதான் இருக்கிறது. ஜெர்மானியத்திலிருந்து மிகப் பழங்காலத்தில் கடன்பெற்ற ‘அர்மஸ்’ அங்கே ‘அன்புக்குரிய’ என்றாகிவிட்டது. இரக்கத்துக்குரியவர் அன்புக்குரியவராகியிருக்கிறார். எஸ்டோனியனில் காதலுக்கே ‘அர்மஸ்டுஸ்’ என்று பெயர். ஜெர்மன் உதிர்த்துவிட்ட கடைசி ஈறு, மன்னனைக் குறிக்கும் ‘குனிங்கஸ்’ என்ற சொல்லில் போலவே, ஃபின்னிஷில் இன்றும் இருக்கிறது. நாம் உடுக்குறி இட்டு எழுதும் வடிவத்துக்கு இவ்வளவு அருகில் வேறெந்தச் சொல் நிற்கிறது? வேரைச் சொல்லாவிட்டாலும் வடிவத்துக்கு அது சாட்சி.

இதைப் படித்ததும் நம் ஊரில் யாராவது ‘அருமை’யைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். நீ மயங்காதே. கையும் ஏழ்மையும் ஒரே ஒலியில் ஒன்றாக நிற்பதைப் பார்த்தவள் நீ. ஒலி ஒத்துப்போவது உறவாகாது.

அத்தியாயம் விடை சொல்லாமல் முடிகிறதே என்று வருந்தியிருந்தாய். இரண்டு கொள்கைகளும் எங்கே தடுக்கின்றன என்பதை இவ்வளவு நேர்மையாக நீ எழுதியிருப்பதுதான் எனக்குப் பெருமை.

மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் உடுக்குறி விடுபட்டிருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் சேர்த்துவிடு.

அன்புடன்,
அம்மா