தோண்டுவதற்கு முன்

தாண்டிக்குடி

அன்புள்ள நண்பா,

மகள் பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. இங்கே காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டது.

பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பிய பழங்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகளின் அகழாய்வு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். விண்ணப்பம் தயாராகிறது. நானோ ஊர்க்காரர்களோ கேட்டு வாங்குகிற அனுமதி இல்லை அது. பல்கலைக்கழகத் தொல்லியல் துறை கேட்கிறது, இங்குள்ள காகிதங்களைத் திரட்டித் தருவது என் வேலை. மாநில அரசே தோண்ட நினைத்தாலும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். யார் தலைமை, அவருக்குக் களத்தில் என்ன அனுபவம், பணம் எங்கிருந்து என்று எல்லாம் பார்த்துத்தான் இந்தியத் தொல்லியல் துறை உரிமம் தரும்.

"நம்ம ஊர்க் கல்லைத் தொட டில்லிக்கு ஏன் எழுதணும்?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கண்டிப்பு சரியென்றே படுகிறது. நீலகிரிக் கல்லறைகளை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஆளாளுக்குத் திறந்தார்கள். மண்பொம்மையும் வெண்கலக் கிண்ணமும் சென்னைக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தன. எதனோடு எது கிடந்தது என்ற பதிவு பெரும்பாலும் இல்லை. நம் பழனிமலை அடிவாரத்துப் பொருந்தல் ஊரைப் பார். பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அங்கே தோண்டிய ஈமக்குழியில் ஜாடி நிறைய நெல். அதே குழியில் எழுத்துப் பொறித்த பானைத் தாங்கி. நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்ததும் எழுத்தின் வயதைப் பற்றியும் பேச முடிந்தது. கலையாத குழி என்பதால்தானே அது கைகூடியது!

என் கவலை எல்லாம் நாள் ஓடுவதைப் பற்றித்தான். அங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் பழனிமலைக் கற்திட்டைகளைப் பற்றி 1928இல் வெளியிட்ட புத்தகத்தோடு சரிவுகளில் நடக்கிறேன். புதையல் ஆசையில் பலவற்றின் அடியைக் கிளறிவிட்டார்கள். பலகைக் கற்கள் வேலிக்கும் வாசற்படிக்கும் போய்விட்டன. அப்படியே மூடிக் கிடப்பவை கொஞ்சம்தான். அவற்றிலும் பாதியைத் தொடக்கூடாது, பின்னால் வருபவர்களுக்கு விட வேண்டும் என்று துறையினரிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் கேட்கும் இடம் பட்டா நிலம். தோட்டக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டார். மேல் சரிவு வனத்துறை எல்லைக்குள் வருகிறதா என்று தெளிவாகத் தெரிந்தால்தான் வரைபடத்தை முடிக்க முடியும். நீ நில அளவையிலேயே காலம் கழித்தவன். புல எண் வாரியாக ஒவ்வொரு கற்திட்டையையும் குறித்துத் தர உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்த கையோடு வத்தலக்குண்டில் பஸ் ஏறிவிடு. ஸ்வெட்டரை மறக்காதே, ராத்திரிப் பனி கடுமையாக இருக்கிறது. வரும் தேதியை முன்னதாகச் சொல், தோட்டத்து ஆள் ஒருவரைப் புதர் வெட்ட ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்