ரீலோடு பொத்தானை இடம் மாற்றுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

துப்பாக்கிச் சுடும் கேம்களின் அடுத்தடுத்த பாகங்களை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு அருகில், நான்கு டிவிகளும் நான்கு கன்சோல்களும் கொண்ட சிறிய கேம் சென்டர் ஒன்றை நடத்தி வருகிறேன். இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கமிருந்து கல்லூரிக்கு வந்து, ஊருக்குப் பஸ் ஏறும் முன் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுச் செல்லும் மாணவர்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடுகிறவர்கள் என்பதால், பழைய பாகத்தில் தேர்ந்த ஒருவர் புதிய பாகத்தில் எந்தப் பொத்தான் எங்கே போயிற்று என்று தேடிக் கழிக்கும் இருபது நிமிடம், அவர் கொடுத்த கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு.

சென்ற கோடை விடுமுறையில், பலரும் கேட்டார்கள் என்பதற்காகப் புகழ்பெற்ற வரிசையொன்றின் புதிய பாகத்தை வாங்கி ஏற்றினேன். முந்தைய பாகத்தை இரண்டு ஆண்டுகளாக ஆடிவந்த மாணவர் ஒருவர், முதல் சண்டையில் தோட்டா நிரப்புவதற்காக (அதுதான் ரீலோடு) வழக்கமான பொத்தானை அழுத்த, கையெறி குண்டு எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி அவர் காலடியிலேயே வெடித்தது. அடுத்தடுத்து நான்கு முறை இப்படியே நடந்தது. ஐந்தாவது முறை அவர் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, பழைய பாகத்தையே போடச் சொன்னார். புதிய பாகத்தின் கதையையோ களத்தையோ அவர் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் தம் கட்டைவிரலைத்தான்.

இந்தத் தடுமாற்றத்துக்கு வரலாறு உண்டு. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு குச்சிகளில், இடது ஸ்டிக்கால் நடந்து வலது ஸ்டிக்கால் பார்க்கும் முறையைக் கன்சோல் உலகத்தில் நிலைநிறுத்தியது 2001இல் வந்த ‘ஹாலோ’. (அதற்கு முந்தைய ஆண்டே அதே முறையோடு பிளேஸ்டேஷனில் வந்த ‘ஏலியன் ரெசரெக்‌ஷன்’, அதற்காகவே விமர்சனத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) 2004இல் வந்த இரண்டாம் பாகம் இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்தும் வசதியைத் தந்தது; அப்போது, அதுவரை குண்டு வீசிய இடது டிரிகர் (சுட்டுவிரலால் இழுக்கும் பொத்தான்) இரண்டாவது துப்பாக்கியைச் சுடும் வேலையை ஏற்றது. 2007இல் மூன்றாம் பாகம் வந்தபோது, தோட்டா நிரப்பும் வேலை எக்ஸ் பொத்தானிலிருந்து, டிரிகர்களுக்கு மேலே இருக்கும் பம்பர் பொத்தான்களுக்குப் போயிற்று: வலது பம்பர் வலக்கைத் துப்பாக்கிக்கு, இடது பம்பர் இடக்கைத் துப்பாக்கிக்கு. காகிதத்தில் பார்த்தால் இதைவிட ஒழுங்கான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் காலியான எக்ஸ் பொத்தானுக்கு, அந்தப் பாகத்தில் புதிதாகச் சேர்ந்த உபகரணங்களை விரிக்கும் வேலை தரப்பட்டது. ஆறு ஆண்டுகளாக எக்ஸைத் தேடிப் பழகிய விரல், தோட்டா நிரப்பப் போய், ஆபத்துக்கென்று பத்திரப்படுத்தியிருந்த குமிழிக் கவசத்தை ஒன்றுமில்லாத வெளியில் விரித்துவிட்டு விழித்தது.

நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒரு பொத்தானை நகர்த்துவது அவ்வளவு பெரிய கேடில்லை. பழைய இடம் வெறுமனே இருந்தால் விரல் இரண்டு முறை ஏமாந்துவிட்டுப் புதிய இடத்தைக் கற்றுக்கொள்ளும். பழைய இடத்தில் திரும்பப் பெற முடியாத ஒரு செயலைக் குடிவைக்கும்போதுதான், பழகிய கை பழகாத கையைவிட மோசமாகத் தோற்கிறது. 2010இல் வந்த ‘ஹாலோ: ரீச்’ தோட்டா நிரப்புதலை எக்ஸுக்கே திருப்பிக் கொடுத்தது, அதோடு, மூன்றாம் பாகத்தின் முறைக்குப் பழகியவர்களுக்கு ‘ரீகான்’ என்ற பெயரில் அந்த அமைப்பையும் வைத்திருந்தது. இடையில் பழகியவர்களையும் கைவிடாத அந்த ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாற்றமே வேண்டாம் என்று வாதிட நான் வரவில்லை. 1996இல் கம்ப்யூட்டரில் வந்த ‘குவேக்’ கேமில் மவுஸால் பார்ப்பதையே ஆடுகிறவர் தனியாக இயக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்திலேயே நின்றிருந்தால் இன்றைய கேம்கள் இல்லை. 1998இல் ‘ஹாஃப்-லைஃப்’ டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் நடக்கவைத்தது. 2004இல் வந்த அதன் இரண்டாம் பாகம் அந்த விசைகளைத் தொடாமல் விட்டுவிட்டு, முற்றிலும் புதிய கருவியான ஈர்ப்புத் துப்பாக்கியை மவுஸின் இரண்டு பொத்தான்களுக்குள்ளேயே அடக்கியது. வலது பொத்தான் இழுக்கும், இடது பொத்தான் எறியும். அதையும் சண்டைக்கு நடுவில் கற்பிக்காமல், ஓர் இயந்திர நாயோடு பந்து எறிந்து விளையாடவைத்துக் கற்பித்தது. எத்தனை நிதானமான ஆசிரியர்!

பொத்தான்களைக் கன்சோலின் செட்டிங்ஸிலேயே மாற்றிக்கொள்ளலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். கடையில் அது உதவாது. அங்கே மாற்றினால் எல்லா கேம்களுக்கும் சேர்ந்து மாறும். திரையில் வரும் குறிப்போ பழைய எழுத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அடுத்து உட்காருகிறவர் என்னைத் திட்டுவார். செல்போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சுடும் கேமை ஆடி வளர்ந்த இன்றைய மாணவர்கள், ஒவ்வொரு பொத்தானையும் விரலால் இழுத்து வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் வைத்துப் பழகியவர்கள். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள கேமில் அது ஏன் முடியவில்லை என்று அவர்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கு இயந்திரத்தில் சிக்கி வலது கட்டைவிரலில் வலு குறைந்துவிட்டது. வலது ஸ்டிக்கை உள்ளே அமுக்க அவரால் இயலாது. ‘கால் ஆஃப் டியூட்டி’ வரிசையில் கத்திக்குத்து வழக்கமாக அந்த அமுக்கலில்தான் இருக்கிறது. ஆனாலும் ‘டாக்டிக்கல்’ என்ற பொத்தான் அமைப்பில் அது குனியும் பொத்தானோடு இடம் மாறிக்கொள்வதால், அவர் ஒவ்வொரு பாகத்திலும் முதல் வேலையாக அதைத் தேடிப் பிடிக்கிறார். அந்த ஒரு வரி ஒரு பாகத்தில் விடுபட்டாலும் அவருக்கு அந்தப் பாகம் மூடிய கதவு.

ஆகவே, புதிய பாகத்தைத் தொடங்கியதும் வெளிச்சத்தையும் மொழியையும் கேட்கும் அதே திரையில், முந்தைய பாகத்தின் பொத்தான் அமைப்பு வேண்டுமா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியே மாற்ற விடுங்கள். மாற்றிய பின் திரைக் குறிப்புகளும் கூடவே மாறட்டும். தோட்டா நிரப்பிய பழைய இடத்தில் குண்டை மட்டும் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கேம் சென்டர் நடத்துபவர்,
ஆரப்பாளையம், மதுரை.