ஆண்டறிக்கை 2024–2025: அவசர மருத்துவ ஆய்வுப் படிப்பு வட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆம்புலன்ஸ் பைலட்டுகளே, மருத்துவ உதவியாளர்களே, அவசரப் பிரிவுச் செவிலியர்களே, மருத்துவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனைக்கு வந்து சேரும் முன் தரப்படும் சிகிச்சை பற்றிய பெரிய ஆய்வுகளைப் படித்து, நம் வண்டிக்கும் நம் அவசரப் பிரிவுக்கும் எது பொருந்தும் என்று பிரித்துச் சொல்லும்படி சென்ற பொதுக்குழு பணித்திருந்தது. படித்தவற்றில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி நேரக் கணக்கிலேயே வந்து நின்றன. நம் பக்கத்துப் பதிவுத் தாள்களில் காலியாக வருவதும் அந்த நேரக் கட்டங்கள்தான். ஆகவே இவ்வறிக்கையில் பாதி ஆய்வு, பாதி பதிவுத் தாள்.

இதயம் நின்றவர்கள்

முதலில் எடுத்தது பிரிட்டனின் பாராமெடிக்-2 ஆய்வு (2018). ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகள், 8014 நோயாளிகள். ஒரு பாதிக்கு அட்ரினலின் 1 மி.கி., மறு பாதிக்கு உப்பு நீர். எது எதில் என்று ஊசி போடுபவருக்கே தெரியாது. 30 நாள் கழித்து உயிரோடிருந்தவர்கள் அட்ரினலின் பக்கம் 3.2 சதவீதம், உப்பு நீர் பக்கம் 2.4 சதவீதம். மருந்து உயிரைக் காக்கிறது, சரி. ஆனால் மூளை ஓரளவு நன்றாக இயங்கும் நிலையில் வீடு திரும்பியவர்கள் 2.2, 1.9 சதவீதம், அந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம். பிழைத்தவர்களில் கடுமையான நரம்பியல் பாதிப்போடு இருந்தவர்கள் அட்ரினலின் பக்கம் 31 சதவீதம், மறுபக்கம் 17.8. "நாடி வந்துவிட்டது" என்று எழுதி முடிக்கும் பழக்கத்தை இந்த ஆய்வு கேள்விக்குள்ளாக்குகிறது.

நேரத்தைப் பாருங்கள். அழைப்பிலிருந்து வண்டி போய்ச் சேர இடைநிலை 6.6 நிமிடம், அதன் பிறகு மருந்து ஏற இன்னும் 13.8 நிமிடம். அந்த ஊர்ச் சாலையிலேயே இருபது நிமிடம் ஆகிறது என்றால், வண்டி வருவதற்கே அதைவிடக் கூடுதலாகும் கிராமத்தில் ஆம்பூலை உடைப்பது எப்போது என்று சொல்ல வேண்டியதில்லை. ஊசி ஏற்ற நரம்பு (இரத்தக் குழாய்) கிடைக்கவில்லை என்று மார்பு அழுத்தத்தை நிறுத்தி இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய கேடு.

அப்படியானால் எலும்பு வழி ஊசி நேரத்தை மிச்சப்படுத்துமே என்ற கேள்விக்கு 2024 அக்டோபர் இறுதியில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. பிரிட்டனின் பாராமெடிக்-3, 6082 பேர்: 30 நாள் உயிர்வாழ்வு எலும்பு வழியில் 4.5 சதவீதம், நரம்பு வழியில் 5.1. டென்மார்க்கின் ஆய்வில் நாடி நிலைத்தது 30, 29 சதவீதம். இரண்டிலும் எலும்பு வழிக்கு மேன்மை இல்லை. துளைக்கும் கருவிக்கு நிதி கேட்டு மனு எழுத வேண்டுமா என்ற விவாதம் இதோடு முடிந்தது. குழந்தைகள் விஷயம் வேறு. இரண்டு ஆய்வுகளும் பெரியவர்களைப் பற்றியவை.

அதிக நேரம் பேசியது கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த டோஸ்-விஎஃப் ஆய்வை (2022). மூன்று ஷாக் கொடுத்தும் விஎஃப் (இதயம் துடிக்காமல் தாறுமாறாக நடுங்கும் நிலை) அடங்காத 405 பேர். வழக்கமான இடத்திலேயே தொடர்ந்து ஷாக் கொடுத்தவர்களில் உயிரோடு வீடு திரும்பியவர்கள் 13.3 சதவீதம், பேடை (ஷாக் செலுத்த மார்பில் ஒட்டும் தகட்டை) முன்–பின்னாக மாற்றி ஒட்டியவர்களில் 21.7, இரண்டு டீஃபிப்ரிலேட்டர்களை (ஷாக் கொடுக்கும் கருவிகளை) அடுத்தடுத்து இயக்கியவர்களில் 30.4. கோவிட் காரணமாக ஆய்வு பாதியில் நின்றது. 930 பேர் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். பாதியில் நிற்கும் ஆய்வில் வித்தியாசம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிவதுண்டு என்று மூத்த மருத்துவர் ஒருவர் எச்சரித்தது பதிவில் இருக்கிறது.

நம்மிடம் வண்டிக்கு இரண்டு கருவி கிடையாது. பேடை மாற்றி ஒட்டுவதற்கோ கூடுதல் செலவே இல்லை. முன் பேட் மார்பெலும்புக்கு இடப்பக்கம். பின் பேட் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, முதுகெலும்புக்கு இடப்பக்கம். இரண்டு நிமிடச் சுற்று முடிந்து அழுத்துபவர் மாறும் இடைவெளியில் நோயாளியைப் புரட்டி ஒட்ட வேண்டும். தனியாக நிறுத்தக் கூடாது. புதிய பேட் உறையை முன்கூட்டியே கிழித்து வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். தவறுவது எங்கே என்றால், வியர்வையைத் துடைக்காமல் ஒட்டுவது, தாலிச் சங்கிலி பேடின் அடியில் சிக்குவது, காலாவதியான பேடில் ஜெல் உலர்ந்து தோலோடு ஒட்டாமல் நிற்பது. கழற்றிய பேடை மறுபடி ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஆகவே வண்டியில் இரண்டு ஜோடி இருக்க வேண்டும்.

இரத்தப்போக்கு

இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றிய கிராஷ்-2 ஆய்வு (2010) 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரைச் சேர்த்தது. இந்திய மருத்துவமனைகளும் அதில் உண்டு. மொத்த இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டு வந்த பகுப்பாய்வுதான் நமக்கு முக்கியம். அடிபட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், ஏறாதவர்களில் 7.7. மூன்று மணி நேரம் கடந்து ஏற்றினால் நிலைமை தலைகீழ்: 4.4, 3.1. காக்கும் மருந்தே கெடுக்கும் மருந்தாகிறது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனியில் நடந்த பேட்ச் ஆய்வு (2023) மருத்துவமனைக்கு முன்பே முதல் டோஸைக் கொடுத்துப் பார்த்தது. ஆறு மாதம் கழித்து நல்ல செயல்நிலையில் இருந்தவர்கள் 53.7, 53.5 சதவீதம், வித்தியாசமே இல்லை. 28 நாள் இறப்பு மட்டும் மருந்து பெற்றவர்களில் 17.3, பெறாதவர்களில் 21.8. அட்ரினலினில் பார்த்த அதே முடிச்சு.

கொடுக்கும் முறையில் பிழைகள் வருவதால் விவரம்: 500 மி.கி. ஆம்பூல் இரண்டு, 100 மி.லி. உப்பு நீரில், 10 நிமிடத்தில். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் இது நிமிடத்துக்குச் சுமார் 220 சொட்டு. எண்ண முடியாது, ஏறக்குறைய முழுதாகத் திறந்து விட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சிரிஞ்சில் வேகமாகத் தள்ளினால் இரத்த அழுத்தம் இறங்கும். அதை இரத்தப்போக்கு என்று தப்பாக எண்ணி இன்னும் திரவம் ஏற்றுவார்கள். ஆம்பூலின் தோற்றம் முதுகில் போடும் மயக்க மருந்தின் ஆம்பூலை ஒத்திருப்பதால் நேர்ந்த விபரீதங்களை உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மூச்சுத் திணறல் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் குறித்த டாஸ்மேனியா ஆய்வையும் (2010) படித்தோம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களாகக் கருதப்பட்ட 405 பேர்: அதிக அளவில் கொடுத்தபோது இறப்பு 9 சதவீதம், இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை 88–92 சதவீதத்தில் நிறுத்தியபோது 4. ஆக்சிஜனில் ஓடும் நெபுலைசரை இவர்களுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

நம் மாநிலத்து ஆய்வு ஒன்று: மாரடைப்புக்கான டிஎன்-ஸ்டெமி (2017), 2420 பேர். சிறிய மருத்துவமனைகளைக் கேத்லேப் (ஆஞ்சியோ செய்யும் கூடம்) உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டவர்களையும் அங்கே ஆஞ்சியோவுக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோ செய்யப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனது. குலுக்கல் முறை ஆய்வு அல்ல, முன்–பின் ஒப்பீடுதான். அந்தக் குறையோடும், புதிய மருந்து எதுவும் இல்லாமல் ஏற்பாட்டை மாற்றியே கிடைத்த பலன் என்பதால் மேலே சொன்ன பலவற்றைவிட நமக்கு நெருக்கமானது.

பதிவுத் தாள்

மூன்று மணி நேர விதியைக் கடைப்பிடிக்க அடிபட்ட நேரம் தெரிய வேண்டும். தாளில் இருப்பதோ அழைப்பு நேரம். ஆட்டோவில் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், அங்கே தையல் போட்டுக் காத்திருந்து, பிறகு மாற்றல் கேட்டு 108-ஐ அழைத்தவருக்கு அழைப்பு நேரத்துக்கும் அடிபட்ட நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவசரப் பிரிவு மருத்துவர் நாற்பது நிமிடம் என்று நினைத்து மருந்தைத் தொடங்குவார். ஆகவே புதிய தாளில் முதல் கட்டம் சம்பவ நேரம்; அதன் அருகே "யார் சொன்னது" என்ற கட்டம். அடுத்து அழைப்பு, வண்டி புறப்பாடு, இடம் சேர்ந்தது, நோயாளியின் அருகே சேர்ந்தது (மூன்றாம் மாடி என்றால் இவ்விரண்டும் வெகுவாக வேறுபடும்), முதல் அழுத்தம் அல்லது முதல் ஷாக், புறப்பாடு, ஒப்படைப்பு.

கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கட்டுப்பாட்டு அறை, கைபேசி, டீஃபிப்ரிலேட்டர் என மூன்று. கருவியின் பேட்டரி தீர்ந்து மாற்றும்போது நேரம் பின்தங்கிவிடுவதுண்டு. ஷிஃப்ட் தொடக்கத்தில் கருவி நேரத்தைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைத் தாளின் மேல்மூலையில் எழுதினால் போதும். பின்னால் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

நேரங்கள் பிறகு உட்கார்ந்து எழுதப்பட்டவையா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நிமிடத்தின் கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். 0, 5 இரண்டும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். பாதிக்கு மேல் வந்தால் அது கடிகாரத்தைப் பார்த்து எழுதியதல்ல.

இதயம் நின்ற நோயாளிகளுக்கு 1990-இல் நார்வேயின் உட்ஸ்டைன் மடாலயத்தில் கூடி வகுத்த பதிவு முறையைப் பின்பற்றுகிறோம். அதில் தவறவிடுவது பகுதி எண் (விகிதத்தைக் கணக்கிட வகுக்கும் மொத்த எண்ணிக்கை): சிகிச்சையே தொடங்காமல் விட்டவர்களையும் எண்ணாவிட்டால் நம் வெற்றி விகிதம் பொய்யாக உயரும். ஊர்களை ஒப்பிட வேண்டுமானால், விழுவதைப் பக்கத்திலிருந்தவர் பார்த்த, முதல் தாளம் ஷாக்குக்கு உரியதாக இருந்த நோயாளிகளை மட்டும் தனியே எடுங்கள்.

இறுதி முடிவு தெரிய வண்டித் தாள் மருத்துவமனைப் பதிவோடு இணைய வேண்டும். பெயரை நம்ப முடியாது. "அடையாளம் தெரியாத ஆண்" ஒரே இரவில் பலர் இருப்பார். விபத்து என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எண், மற்றவர்களுக்கு உள்நோயாளி எண்; ஒப்படைக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். இதை ஆய்வாக வெளியிட நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) 2017 நெறிமுறை வழிகாட்டுதலைப் படிக்காமல் யாரும் தரவைக் கையிலெடுக்க வேண்டாம்.

பயிற்சியும் நிர்வாகமும்

மார்பு அழுத்தப் பயிற்சியில் நிமிடத்துக்கு 100–120, ஆழம் 5–6 செ.மீ., முழுதாக மேலெழ விடுதல், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம் என்பதே பாடம். பொதுமக்கள் வகுப்புகளில் அதிகம் கேட்கப்படுவது போலீஸ் பற்றித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு (2019 திருத்தம்) உதவியவரைக் காக்கிறது. பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

மார்பை அழுத்தும் இயந்திரம் வாங்கும் யோசனையைச் செயற்குழு ஒத்திவைத்தது. லிங்க் ஆய்விலும் (2014) முதல் பாராமெடிக் ஆய்விலும் (2015) கை அழுத்தத்தைவிட உயிர்வாழ்வு கூடவில்லை. ஓடும் வண்டியில் எழுந்து நின்று அழுத்தும் ஊழியரின் பாதுகாப்பு தனிக் கேள்வி. அதை அடுத்த ஆண்டு எடுக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள்: புதிய பதிவுத் தாளை எல்லா உறுப்பினர்களும் பயன்படுத்துவது, வண்டிக்கு ஒரு கூடுதல் பேட் ஜோடி கேட்டு மனு அளிப்பது, பாம்புக்கடியில் கடிபட்ட நேரம் முதல் விஷமுறிவு மருந்து ஏறும் நேரம் வரையிலான பதிவை வரும் ஆண்டின் ஆய்வுப் பொருளாக எடுப்பது.

இப்படிக்கு,
செயலாளர்