வாசலிலேயே நிறுத்துங்கள்: டிரான்சிட் தரும் நெட்வொர்க்குகளுக்கு ஒரு திறந்த மடல்

வாடிக்கையாளர் நெட்வொர்க்குகளுக்கு டிரான்சிட் (மற்ற இணையத்துக்குப் போகும் வழி) கொடுத்து, எல்லை ரவுட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கும், அந்தப் பொறியாளர்களின் வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு நள்ளிரவு மெயின்டனன்ஸில் நான் ஒரு தவறு செய்தேன். எங்களுக்கு இரண்டு அப்ஸ்ட்ரீம்கள், அதாவது எங்களுக்கு டிரான்சிட் தரும் நெட்வொர்க்குகள். ஒருவரிடம் கற்ற ரூட்டுகளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற தகவலை) மற்றவருக்குச் சொல்லக் கூடாது, எங்கள் சொந்த பிரிஃபிக்ஸ்களை (முகவரித் தொகுதிகளை) மட்டும்தான் அறிவிக்க வேண்டும். பாலிசியைத் திருத்தும்போது அதற்கான ஒரு வரி விடுபட்டுப்போனது. இணையத்தின் முழு ரூட் டேபிளையும் "எங்கள் வழியாகப் போகலாம்" என்று இரண்டாவது அப்ஸ்ட்ரீமிடம் சொல்லிவிட்டோம்.

சில நொடிகளில் அவர்களோடு இருந்த செஷன் (ரூட்டுகளைப் பரிமாற இரு ரவுட்டர்களுக்கிடையே இருக்கும் இணைப்பு) விழுந்தது. எங்களுக்கென்று அவர்கள் ஒரு பிரிஃபிக்ஸ் பட்டியல் வைத்திருந்தார்கள், எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் வைத்திருந்தார்கள். பட்டியலில் இல்லாதது எதுவும் உள்ளே நுழையவில்லை. வரம்பு தாண்டியதும் அவர்கள் ரவுட்டரே கதவைச் சாத்திவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது. "உங்க பக்கம் லீக் ஆகுது, சரிசெஞ்சுட்டுச் சொல்லுங்க, திறந்து விடுறேன்" என்றார் ஒருவர். அவ்வளவுதான். வெளியே ஒருவருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.

அவர் செய்து வைத்திருந்ததை நீங்கள் எல்லோரும் செய்து வைக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒரு பாக்கெட் போய்ச் சேருவதற்குள் பல நெட்வொர்க்குகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி ஏ.எஸ். எண் (நெட்வொர்க்கின் அடையாள எண்), தனிக் கொள்கை. முழு வழியையும் மேலிருந்து பார்த்து நடத்துபவர் யாரும் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் பி.ஜி.பி.யில் (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறையில்) என்ன சொல்கிறாரோ அதை வைத்துத்தான் நாம் எல்லோரும் வழி தீர்மானிக்கிறோம். 1989இல் கர்க் லோஹீடும் யாக்கோவ் ரெக்டரும் காகித நாப்கின்களில் வரைந்து தொடங்கிய நெறிமுறை அது. அன்று நெட்வொர்க்குகள் கொஞ்சம், நடத்தியவர்களுக்குள் அறிமுகம் உண்டு. இன்று 70,000க்கும் மேற்பட்ட ஏ.எஸ்.கள். யாரும் சரிபார்க்கச் சொல்லாதவரை பி.ஜி.பி. இன்றும் சொன்னதை அப்படியே நம்புகிறது.

2008 பிப்ரவரி 24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற ரூட்டைப் போட்டது. அது வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22, அதைவிடப் பெரிய தொகுதி. குறுகிய முகவரித் தொகுதியைச் சொல்லும் ரூட்டுக்குத்தான் ரவுட்டர் முன்னுரிமை தரும் என்பதால், உலகின் பெரும்பகுதி டிராஃபிக் தவறான பக்கம் திரும்பியது. அது சரியாவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எல்லோரும் பாகிஸ்தானைத்தான் சொல்கிறார்கள். நான் அப்ஸ்ட்ரீமைச் சொல்வேன். தன் வாடிக்கையாளருக்குச் சொந்தமில்லாத ஒரு பிரிஃபிக்ஸை வாங்கி உலகத்துக்குக் கொடுத்தது அதுதான். பதினோரு வருடம் கழித்து, 2019 ஜூன் 24இல், பென்சில்வேனியாவின் ஒரு சிறிய சேவை நிறுவனத்தில் ரூட் ஆப்டிமைசர் (டிராஃபிக்கைச் சீராக்க ரூட்டுகளைத் தானே உருவாக்கும் கருவி) உருவாக்கிய ரூட்டுகள் அதன் வாடிக்கையாளர் ஒருவர் வழியாக வெரைசன் என்ற பெரிய அமெரிக்க நெட்வொர்க்குக்குப் போயின. வெரைசன் அவற்றை ஏற்றுப் பரப்பியது. பல இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் தன் உலக டிராஃபிக்கில் சுமார் 15 சதவீதத்தை இழந்ததாகச் சொன்னது. இங்கேயும் கை தவறியவர் ஒருவர், கைமாற்றியவர் இன்னொருவர்.

கை தவறுவதை நிறுத்த முடியாது. நள்ளிரவில் விடுபடும் ஒரு வரி நாளைக்கும் விடுபடும். கைமாற்றுவதை நிறுத்த முடியும்.

"நாங்கள் ஆர்.பி.கே.ஐ. செய்துவிட்டோம்" என்று சிலர் சொல்வீர்கள். எந்த பிரிஃபிக்ஸை எந்த ஏ.எஸ். அறிவிக்கலாம் என்று டிஜிட்டல் கையெழுத்திட்டு வைக்கும் முறை அது. நல்லது. ஆனால் உங்கள் பிரிஃபிக்ஸ்களுக்குக் கையெழுத்திட்டது பாதி வேலைதான். மற்றவர்களின் கையெழுத்தோடு பொருந்தாத ரூட்டுகளை நிராகரிப்பது மீதிப் பாதி, அதைப் பலர் ஆன் செய்யவே இல்லை. அப்புறம், அது பார்ப்பது ரூட் எந்த ஏ.எஸ்.ஸில் தொடங்குகிறது என்பதை மட்டும்தான். நான் லீக் செய்த ரூட்டுகளின் தொடக்கம் உண்மையானது, நடுவில் நாங்கள் நுழைந்ததுதான் தவறு. ஆர்.பி.கே.ஐ. அதைக் கண்டுகொண்டிருக்காது. பிடித்தது பழைய பிரிஃபிக்ஸ் பட்டியலும் வரம்பும்தான். 2022இல் வந்த ஆர்.எஃப்.சி. 9234 என்ற இணைய நெறிமுறை ஆவணம், செஷனின் இரு முனைகளும் "நான் வாடிக்கையாளர், நீ வழங்குபவர்" என்று சொல்லிக்கொண்டு இத்தகைய லீக்கைத் தடுக்க வழி தருகிறது. உங்கள் ரவுட்டரில் அது இருந்தால் அதையும் போடுங்கள்.

பட்டியலைப் பராமரிப்பது தொல்லை என்பது எனக்குத் தெரியும். யார் எதை அறிவிப்பார்கள் என்று பதிந்து வைக்கும் ரூட்டிங் ரெஜிஸ்ட்ரிகளில் பழைய பதிவுகள் கிடக்கின்றன, வாடிக்கையாளர்கள் புதுப்பிப்பதில்லை, ஒரு பிரிஃபிக்ஸ் விட்டுப்போனால் டிக்கெட் உங்களுக்குத்தான் வரும். ஆனாலும் பி.ஜி.பி.கியூ4 போன்ற கருவியால் பட்டியலைத் தினமும் தானாக உருவாக்கிவிடலாம். கையால் எழுதிய காலம் போய்விட்டது.

மேலாளர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த வேலைக்கு நேரம் கிடைக்காததன் காரணம் புரிகிறது. செலவு உங்களுடையது, பலன் வேறு யாருக்கோ. ஆனால் உங்கள் வாடிக்கையாளரின் முகவரிகளை வேறொரு மூலையில் யாராவது தவறாக அறிவிக்கும்போது, அதைத் தடுக்கப்போவது உங்கள் ரவுட்டர் அல்ல. உங்களுக்குத் தெரியாத ஒரு நெட்வொர்க்கின் ஃபில்டர். அந்தப் பக்கத்து மேலாளரும் உங்களைப் போலவே கணக்குப் போட்டால் உங்கள் வாடிக்கையாளரை யார் காப்பது? உங்கள் பொறியாளர்களுக்கு இரண்டு வாரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

பொறியாளர்களே, இன்று முதல் வேலையாக உங்கள் வாடிக்கையாளர் செஷன்களின் பட்டியலை எடுத்து, பிரிஃபிக்ஸ் பட்டியலோ வரம்போ இல்லாதவற்றைக் குறித்து வையுங்கள். மிகப் பழைய செஷன்களிலிருந்து ஆரம்பியுங்கள். அவற்றைப் போட்டவர்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள், அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நன்றியுடன்,
ஒரு சிறிய நெட்வொர்க்கின் பொறியாளர்