அந்த ஒன்பது பூஜ்யங்களையும் சேர்த்து எழுதுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் சாதனைப் பட்டியல்களைத் தொகுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

வழக்கமான சீசன் முழுக்க ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காத கடைசிக் கல்லூரி அணி எது என்று கேட்டால், 1939-இன் டென்னசி அணி என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. பத்து ஆட்டம், பத்திலும் வெற்றி, எதிரணிகளுக்குப் புள்ளியே இல்லை. 1940 புத்தாண்டு நாளில், சீசன் முடிந்தபின் நடக்கும் ரோஸ் பௌல் ஆட்டத்தில் தோற்றார்கள் என்றாலும் அந்தப் பத்து ஆட்டங்களின் பெருமை குறையவில்லை. அவர்களிடமிருந்து எதையும் பிடுங்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை.

அதற்கு மூன்று வருடம் கழித்து, 1942-இல், வடக்கு லூசியானாவின் கிராம்ப்ளிங் என்ற சின்ன ஊரில் இருந்த ஒரு கறுப்பினக் கல்லூரியின் அணி ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வென்றது. எதிரணிகள் எடுத்த மொத்தப் புள்ளி பூஜ்யம். டென்னசிக்குப் பக்கத்தில் இந்த அணியின் பெயரையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இவர்களைப் பற்றி என் மொழியில் படிப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1. தூரத்திலிருந்து உதைத்து உள்ளே போனால் 3. எதிராளியை அவன் எல்லைக்குள்ளேயே மடக்கிவிட்டால் 2. இத்தனை வழிகள் திறந்து கிடக்கின்றன. ஒரு ஆட்டம் 60 நிமிடம் என்றால் ஒன்பது ஆட்டத்துக்கு 540 நிமிடம். அத்தனை நேரமும் இதில் ஒரு வழியிலும் யாரையும் விடாமல் நின்றிருக்கிறார்கள். ஒரு தடவை பந்து கைநழுவினால் போதும், கணக்கு கெட்டிருக்கும்.

கல்லூரிக்கு அப்போது கிராம்ப்ளிங் என்று பெயர்கூடக் கிடையாது. லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் என்று நீளமான பெயர். அங்கே 1941-இல் பயிற்சியாளராக வந்தவர் எடி ராபின்சன். வயது 22. குத்தகை நிலத்தில் பாடுபட்ட தகப்பனின் மகன். வேலை கிடைப்பதற்கு முன் பேட்டன் ரூஜில் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்தவர். கல்லூரி தந்த சம்பளம் மாதம் 63 டாலர் 95 சென்ட். சம்பளம் வாங்கும் உதவியாளர் ஒருவரும் கிடையாது. மைதானத்தில் புல் வெட்டியதும், கோடு போட்டதும், பத்திரிகைகளுக்கு ஆட்டச் செய்தி எழுதி அனுப்பியதும் அவரேதான். வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது சாண்ட்விச் கட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் வழியில் இருக்கும் வெள்ளையர் உணவகங்களில் இந்தப் பையன்களுக்கு இடம் கிடையாது.

முதல் வருடம் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த வருடம் நான் மேலே சொன்ன ஒன்பது.

அது எப்படிப்பட்ட வருடம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. கறுப்பினத்தவர் நடத்திய பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகை பிப்ரவரியில் இரட்டை வெற்றி இயக்கத்தைத் தொடங்கியிருந்தது: வெளியே பாசிசத்தை வெல்ல வேண்டும், உள்ளே நிறவெறியையும் வெல்ல வேண்டும். நவம்பரில் கட்டாய ராணுவச் சேவைக்கான வயதை 18-ஆகக் குறைத்தார்கள். ராணுவத்திலும் கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவுதான். அதை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணை 1948-இல்தான் வந்தது. 1943-இலும் 1944-இலும் போரின் காரணமாகக் கல்லூரிக்கு அணியே இல்லை. ராபின்சன் ஊரின் உயர்நிலைப் பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு தகப்பன் தன் மகன்களை ஆட்டத்திலிருந்து நிறுத்தியபோது, மொத்த அணியையும் வயலுக்குக் கூட்டிப்போய்ப் பருத்தி எடுத்துக் கொடுத்து அவர்களை மீட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த செய்தி இது.

சரி, உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அவர்கள் யாரோடு ஆடினார்கள், எதிரணிகள் டென்னசி சந்தித்த அணிகளுக்கு ஈடாகுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆட்ட அட்டவணையை அவர்களா தேர்ந்தெடுத்தார்கள்? பக்கத்து ஊரான ரஸ்டனில், சில மைல் தூரத்தில், அன்று வெள்ளையர் மட்டும் படித்த லூசியானா டெக் கல்லூரி இருக்கிறது. இரண்டு கல்லூரிகளும் முதன்முதலாக மோதியது 2010-இல். நிறப்பிரிவினையைச் சட்டமாக வைத்திருந்த மாநிலம் யாரோடு ஆட விட்டதோ அவர்களோடுதான் ஆடினார்கள். அதைக் காரணம் காட்டி இன்றைக்கும் பெயரை விட்டுவிடுவது அந்தத் தடையை நாமும் தொடர்ந்து அமல்படுத்துவதாகிவிடும்.

இன்னொன்று, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். ராபின்சன் 1997-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 408 வெற்றிகள். 1985-இல், அதுவரை சாதனையாளராக இருந்த பயிற்சியாளர் பேர் பிரயன்ட்டின் 323 வெற்றிகளைத் தாண்டியபோது நாடே கொண்டாடியது. அந்த 408-க்குள் 1942-இன் ஒன்பதும் அடங்கும். வெற்றிகளாக அவற்றை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். அதே ஆட்டங்களின் பூஜ்யங்களை மட்டும் ஏன் ஏற்கக் கூடாது? ஒரே ஸ்கோர் தாளில் இடது பக்கம் செல்லும், வலது பக்கம் செல்லாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பேஸ்பால்காரர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். நிறப்பிரிவினைக் காலத்தில் கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளின் ஆட்டக் கணக்குகளை 2024-இல் பெரிய லீக்கின் கணக்கோடு சேர்த்தார்கள். வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப்பின் .367-ஐ, நீக்ரோ லீக் வீரர் ஜோஷ் கிப்சனின் .372 தாண்டியது. காப்பின் பெயர் அழிந்துபோய்விடவில்லை, பட்டியலில் ஒரு படி இறங்கினார், அவ்வளவுதான். அதற்கு முன் பல ஆண்டுகள் பழைய செய்தித்தாள்களை ஆட்டம் ஆட்டமாகத் துருவிய ஆட்களின் உழைப்பு இருந்தது.

அந்த உழைப்பைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். பட்டியலில் 1939-க்குக் கீழே 1942 என்று ஒரு வரி சேருங்கள். எந்த வகை எதிரணிகள் என்று ஒரு குறிப்புப் போட வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள், கூடவே ஏன் அவர்களோடு மட்டும் ஆடினார்கள் என்பதையும் எழுதுங்கள். 1943, 1944 என்ற இரண்டு வெற்றுக் கட்டங்களில் 'போர்' என்று ஒரு சொல்லாவது இருக்கட்டும். அப்புறம், பயிற்சியாளர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். கூரியரின் பழைய இதழ்களையும், இன்னொரு கறுப்பினப் பத்திரிகையான சிகாகோ டிஃபெண்டரையும் கிராம்ப்ளிங்கின் ஆவணங்களையும் புரட்ட ஆள் அனுப்புங்கள். அந்த 540 நிமிடமும் கோட்டில் நின்று தடுத்தவர்கள் யார் யார், அதில் எத்தனை பேர் மறு வருடம் சீருடை மாட்டிக்கொண்டு போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கோர் புத்தகங்களை நேசிக்கும் ஒரு வாசகன்